எட்டிப் பார்த்தால் கடல்

1

சென்ற சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. கோட்டும் பளபளக்கும் காலணியுமாக ஓர் ஆள் நின்றார். வீடு வாங்கி விற்கும் முகவர். எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு நல்ல விலைக்குப் போயிருக்கிறதாம். நாங்களும் விற்பதென்றால் இதுதான் சமயமாம். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கூடத்துக்குள் ஒரு காலை வைத்துவிட்டார். இந்த ஆஸ்திரேலிய ஊரில் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். விலை ஏறும்போது மரியாதை கொஞ்சம் இறங்கும்போலிருக்கிறது.

சுற்றிப் பார்த்தவர் பின்பக்கத்து மூலை அறையில் நின்றுவிட்டார். அந்த அறையின் ஜன்னலில் மட்டும்தான், பின்வீட்டு இரண்டு கூரைகளுக்கு நடுவே, கடல் தெரியும். ஒரு வேட்டி அகலத்துக்குத் தெரியும், அவ்வளவுதான்.

"இந்த ஜன்னலுக்குத்தான் உங்கள் வீட்டில் விலையே. யாருடைய அறை?" என்று கேட்டார்.

"என் அப்பாவுடையது."

"கொடுத்து வைத்தவர். இப்போது எங்கே இருக்கிறார்?"

"ஆற்றங்கரையில்."

"அடடா, ஆற்றங்கரை வீடுகளுக்கும் இப்போது நல்ல கிராக்கி" என்று சொல்லிவிட்டு, தன் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அப்பா இறந்து இந்த ஆடியோடு இரண்டு வருடம் ஆகிறது. முன்பின் தெரியாத ஆளிடம் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். சொன்னது பொய்யும் இல்லை. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். எங்கள் சொந்த ஊரான பழனிசெட்டிபட்டியில் தெருக்காரர்கள் யாராவது படித்தால், நான் விட்டதைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

2

அப்பா தேனி - குமுளி தடத்தில் தனியார் பேருந்து நடத்துநர். ஓய்வு பெறும்வரை அதே தடம்தான். சின்னமனூரில் யார் ஏறுவார்கள், உத்தமபாளையத்தில் யார் சில்லறை இல்லை என்று சண்டைக்கு வருவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. குமுளியில் மலையாளத்தில் வம்பு பேசுவார். பதில் வந்தால் பாதிதான் புரியும். வீட்டிலும் அவர் நடத்துநர்தான். கல்யாணப் பந்தியில் ஆட்கள் நெருக்கினால்கூட, "நடுவுல எடமிருக்கு, உள்ள போ, உள்ள போ" என்று குரல் கொடுப்பார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

பழனிசெட்டிபட்டி வீட்டை அவர் ஒரே மூச்சில் கட்டவில்லை. முதலில் ஓர் அறை, அப்புறம் அடுப்படி, நான் வயதுக்கு வந்த வருடம் கூடம், என் கல்யாணத்துக்கு முன்னால் மாடியில் ஓர் அறை. மேற்குச் சுவரில் மட்டும் ஜன்னல் வைக்கவில்லை. ஆடிக் காற்றும் சாரலும் மலையிலிருந்து இறங்கி வந்து அந்தச் சுவரில்தான் அறையும். அப்பாவுக்குக் காற்று பிடிக்கும், ஆனால் அது சொன்னபடி கேட்க வேண்டும்.

நானும் என் கணவர் சேகரும் கைக்குழந்தை நிலாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது 1997இல். சிட்னிக்குத் தெற்கே இந்தக் கடலோர ஊரில் சேகருக்கு வேலை கிடைத்திருந்தது. நாங்கள் வந்த கொஞ்ச காலத்தில் அம்மா போய்விட்டாள். நான் ஒரே பிள்ளை. அப்பா அந்த வீட்டில் தனியாக இருந்தார்.

"எங்ககூட வந்து இருங்கப்பா" என்று ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்வேன்.

"மக வீட்டுலயா? மருமகன் சோத்தத் தின்னுக்கிட்டு, கால மடக்கி ஒக்காரச் சொல்றியா? போத்தா, வேற வேலையப் பாரு" என்பார்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைப்பதற்கே யோசிப்பவர்கள் உண்டு. தங்கி வாழ்வதென்றால் அது ஒரு தலைகுனிவு. எனக்கு அந்த வீம்பு எரிச்சலாக வரும். சண்டை போட்டுவிட்டு வைத்துவிடுவேன். அடுத்த ஞாயிறு அவரே எடுத்து, "என்ன, கோவம் தணிஞ்சுச்சா?" என்று கேட்பார்.

3

பல வருடம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு 2004இல் சொந்த வீடு தேடத் தொடங்கினோம். சேகருக்கு வேலை துறைமுகத்தில். எனக்கு ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். ஊரைவிட்டு உள்ளே தள்ளிப் போனால் விலை குறையும், ஆனால் பாதி வாழ்க்கை ரயிலில் போய்விடும். கடலோரம் என்றால் வேலை பக்கம், பள்ளிக்கூடம் பக்கம். விலைக்குப் பக்கத்தில்தான் நாம் போக முடியாது.

இங்கே கடலை அளந்து விற்கிறார்கள். விளம்பரத்திலேயே போட்டிருக்கும். முழுக் கடலும் தெரியும் வீடு, பாதிக் கடல் தெரியும் வீடு, எட்டிப் பார்த்தால் தெரியும் வீடு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தில் கம்பத்தில் ஒரு தென்னந்தோப்பு வாங்கிப் போடலாம்.

தேனிக்காரி புத்தி எங்கே போகும்? மனை பார்க்கப் போனால் அப்பா முதலில் குறைகளைத்தான் அடுக்குவார். பள்ளமான இடம், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், வாய்க்கால் பக்கம், கொசு, பாம்பு. நம் பக்கத்தில் தண்ணீரோரம் என்றால் அது வயலுக்கு, இல்லாவிட்டால் சுடுகாட்டுக்கு. காசு கூடக் கொடுத்து அங்கே குடியிருக்க யாரும் போகமாட்டார்கள். நானும் வீடு காட்ட வந்த அம்மாவிடம் அதே பாட்டைப் பாடினேன். கடல் ரொம்பப் பக்கமாக இருக்கிறதே, உப்புக் காற்றில் கதவெல்லாம் துருப்பிடிக்குமே, இரவு பகலாக இரைச்சலாக இருக்குமே என்று வரிசையாகச் சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "இரைச்சல் கேட்காத வீடும் இருக்கிறது, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். விலையும் குறைவு. இரைச்சலுக்குத்தான் இங்கே பணம்" என்றார். சேகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

போனில் இதைச் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"தண்ணிச் சத்தத்துக்குக் காசா? வீரபாண்டித் தடுப்பணையில அது பாட்டுக்கு விழுந்துக்கிட்டுக் கெடக்கு, கேக்க நாதியில்ல. நல்ல ஊரு பாத்துப் போனீக!" பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "எம்புட்டுத்தா கொறையுது?" என்று கேட்டார். பேச்சுவாக்கில் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது.

கொஞ்ச நாளில் வீட்டை விற்றுவிட்டார். விற்ற பிறகுதான் எனக்குச் சொன்னார். வாங்கியது ஒரு திராட்சை வியாபாரி குடும்பம். நான் போனில் கத்தினேன், அழுதேன்.

"ஏத்தா, எதுக்கு இப்ப ஒப்பாரி? எனக்கும் அதுல ஒரு பங்கு இருக்குன்னா, மாப்ள வீடுன்னு கூசாம கால நீட்டிப் படுப்பேன்ல. எனக்கு ஒரு ரூமு போதும். சன்னலு வச்சதாப் பாரு."

எட்டிப் பார்த்தால் கடல் தெரியும் வீட்டை வாங்கினோம். எட்டிப் பார்க்க முடிகிற அந்த ஒரே அறையை அப்பாவுக்கு ஒதுக்கினோம்.

பிள்ளையின் வீட்டில் அறை இருந்தால் போய் இருந்துகொள்ளலாம் என்று நாங்கள் நினைத்தோம். அப்பாவும் நானும் மட்டுமல்ல, எங்கள் தெருவே அப்படித்தான் நினைத்தது. அப்பாவை வழியனுப்ப வந்த கூட்டத்தில் ஒருவர்கூட, 'அங்க இருக்க விடுவாகளா?' என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றாது. பெற்றவன் பிள்ளையோடு இருப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்பது?

4

2005இல் அப்பா வந்தார். விமான நிலையத்திலிருந்து நேரே கடற்கரைக்குத்தான் கூட்டிப்போனேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கடைசி ஸ்டாப்பு. இதுக்கு அங்கிட்டு ரோடு கெடையாது. எல்லாரும் எறங்கு" என்றார்.

காலையில் அவர் அறை ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். எழுந்ததும், "கடலு இருக்குத்தா, யாரும் தூக்கிட்டுப் போகல" என்று அடுப்படிக்கு வந்து அறிவிப்பார். சேகரோடு சரிக்குச் சரி உட்கார்ந்து சீட்டு விளையாடுவார். காலை நீட்டித்தான் உட்கார்ந்தார். அந்த நீட்டிய காலைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

நிலாவுக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. அவர் தமிழில் கேட்பார், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். இருவருக்கும் எப்படியோ புரிந்தது. ஒருநாள் மூவரும் பேருந்தில் போனோம். ஒரு கிழவி ஏறி உட்கார்ந்ததும் அப்பா பழக்கதோஷத்தில் கதவுக் கம்பியைத் தட்டி, "போலாம், ரைட்!" என்று குரல் கொடுத்துவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்டுநர்கூடச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். நிலா மட்டும் முகம் சிவந்து, எங்களோடு வராதவள்போல் பின் இருக்கைக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும், தாத்தாவைப் பேருந்தில் கத்தக் கூடாது என்று சொல்லும்படி என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். அப்பா பக்கத்தில்தான் இருந்தார். அதற்குப் பிறகு பேருந்தில் அவர் வாயே திறக்கவில்லை. இறங்கும்போது இந்த ஊர்க்காரர்களைப்போல ஓட்டுநருக்கு நன்றி மட்டும் சொல்லுவார்.

அவருக்குக் கொடுத்திருந்தது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான விசா. இங்கேயே தங்குவதற்கு விண்ணப்பித்தோம். அதில் இரண்டு வழி. ஒன்றில் கட்டணம் மலைபோல. எங்களிடம் இருந்ததையெல்லாம் வீட்டில் போட்டிருந்தோம். இன்னொன்றில் வரிசை. அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று கேட்டதற்கு அலுவலகத்துப் பெண், "உங்கள் அப்பாவின் வயது என்ன?" என்று திருப்பிக் கேட்டாள். சொன்னேன். கணினித் திரையை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "அவர் ஆரோக்கியமாக இருக்கட்டும்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அவள்மீது எனக்குக் கோபம் இல்லை.

5

தவணை முடிந்ததும் அப்பா ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. எங்கே திரும்புவது? வீடுதான் இல்லையே.

வீட்டை வாங்கியவர்களிடமே போய் நின்றார். அந்த வீட்டு அம்மா பாண்டியம்மா, என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவள். அப்பாவைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். மாடி அறையை வாடகைக்குக் கொடுத்தாள். என் கல்யாணத்துக்காகக் கட்டிய அறை. தான் கட்டிய வீட்டில் மாசம் பிறந்தால் வாடகை கொடுத்துக்கொண்டு இருந்தார் அப்பா. "படியெல்லாம் நான் வச்ச படி. இருட்டுலயும் ஏறுவேன்" என்று போனில் பெருமையாகச் சொன்னார்.

அடுத்த வருடமும் ஒருமுறை வந்துவிட்டுப் போனார். 2008 தொடக்கத்தில் மூன்றாவது முறை விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போவார் என்பதற்கு ஊரில் என்ன பிடிமானம் இருக்கிறது என்று கேட்டார்கள். சொந்த வீடு இல்லை. மனைவி இல்லை. பிள்ளை இங்கே. அப்படிப்பட்டவர் போகமாட்டார் என்று எழுதிவிட்டார்கள். எந்த வீட்டை விற்று இங்கே தனக்கு ஓர் அறை செய்துகொண்டாரோ, அந்த வீடு இல்லை என்பதாலேயே அந்த அறைக்கு வர முடியாமல் போயிற்று. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் 'ச்சே' என்பார்கள்.

"விடுத்தா. வரிசையில நின்னா என்னைக்காச்சும் பஸ்ஸு வரும்" என்றார் அப்பா. அவர் குரலில் இருந்த இளைப்பை, மாடிப்படி ஏறி வந்த மூச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

6

ஆடி கடைசியில் போன் வந்தது. வீரபாண்டியிலிருந்து யாரோ பேசினார்கள். முல்லையாற்றங்கரையில், திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகளில் ஒன்றில் அப்பா தங்கியிருந்தார். காலையில் எழவில்லை.

அவர் அங்கே மாறியது எனக்குத் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன். எனக்குத் தெரியாதது வேறு. மதுரையில் இறங்கி நான் வீரபாண்டி போய்ச் சேர்ந்தபோது, அறைக்கு வெளியே தகரக் கொட்டகையின்கீழ் அப்பாவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். சுற்றிலும் அவருடன் வேலை பார்த்த ஓட்டுநர்களும் நடத்துநர்களும். அவர்களுக்குப் பின்னால் பாண்டியம்மா மாரில் அடித்துக்கொண்டு வந்தாள்.

"யக்கா, இந்த பஸ்ஸுக்காரக மாலையும் கையுமா எங்க வாசல்ல வந்து நின்னாகக்கா! எங்க வச்சுருக்கீகன்னு கேக்குறாக. யாரன்னு கேட்டேன். பெரியப்பாவன்னாக. அவுகதான் ஆஸ்திரேலியா போயிட்டாகளேன்னு சொல்லி நான் சண்டை போடுறேன். விசா வந்துருச்சு, மககிட்டப் போறேன்னு லட்டு வாங்கிக் குடுத்துட்டுல போனாக. எம் மக கால்ல விழுந்து துன்னூறு வாங்குச்சே!"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவளை உட்காரவைத்துக் கேட்டபோது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஆனி மாதமே அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. அவள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். இதயம் ரொம்பப் பலவீனம், எந்த நேரமும் எதுவும் ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மகளுக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆவணியில் அவள் மூத்த மகளுக்குக் கல்யாணம்.

வெளியூரில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாது, அதனால் சொல்கிறேன். வாடகைக்குக் குடியிருப்பவர் இறந்தால், எங்கள் பக்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர்கள் உடலை உள்ளே எடுக்க விடமாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குத்தான். மீறி அந்த வீட்டிலேயே உயிர் போனால், அங்கே நல்ல காரியம் எல்லாம் தள்ளிப்போகும். நிச்சயித்த கல்யாணம்கூட நின்றுபோவது உண்டு.

"நீ போகச் சொன்னியா பாண்டியம்மா?" என்று கேட்டேன்.

"மாரியாத்தா மேல சத்தியமா இல்லக்கா. ஆனா..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஒருநா எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன், பெரியப்பா ஆவணி வரைக்கும் தாங்குவாகளான்னு. அடுப்படியில நின்னுதான் சொன்னேன். மாடிக்குக் கேட்டுருக்கும்போல."

கேட்டிருக்கும். அடுப்படிக்கு மேலேதான் அந்த அறை. கீழே தாளிக்கும் சத்தம்கூட அங்கே கேட்கும்.

"இங்கயே இருக்கேன்னு அவரு ஒன்னக் கேட்டிருந்தா வச்சுக்கிட்டிருப்பியா? அவர் கட்டின வீடு."

அவள் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலக்கா. பத்திரிகையெல்லாம் குடுத்து முடிச்சுருந்தோம். பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியல" என்றாள்.

அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. அன்று வந்து துக்கம் விசாரித்தவர்கள் சொன்ன எதையும்விட அவள் சொன்னதுதான் உண்மையாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பாவை அதிக தூரம் தூக்கிப்போக வேண்டியிருக்கவில்லை. சுடுகாடு பக்கத்திலேயே, அதே ஆற்றங்கரையில்தான். பழைய நடத்துநர் ஒருவர், தூக்கும்போது, "போலாம், ரைட்" என்று மெல்லச் சொன்னார்.

அந்தக் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. நல்லபடியாக நடந்ததாக எழுதியிருந்தாள்.

7

இப்போது நிலாவுக்குப் பதினான்கு வயது. மூலை அறை தனக்கு வேண்டும் என்கிறாள். தாத்தா அதில் இருந்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வருடம்கூட வராதே, இன்னும் ஏன் தாத்தா அறை என்று சொல்கிறீர்கள் என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான். சேகர் அந்த முகவரின் அட்டையைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார். விற்றுவிட்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போனால் கடனெல்லாம் தீர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. அவரும் தப்பாகச் சொல்லவில்லை. இதில் அப்பாவுக்குப் பங்கு இருக்கிறது, அவரைக் கேட்காமல் விற்க முடியாது என்றேன்.

காற்று இந்தப் பக்கம் அடிக்கும்போது அந்த அறையில் கடல் இரைச்சல் நன்றாகவே கேட்கும். கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் போன்தான் ஞாபகம் வருகிறது.

வீரபாண்டிக்கு மாறிய புதிதில் அப்பா கூப்பிட்டார்.

"வீடு மாறிட்டேந்தா."

"ஆடியிலயாப்பா? ஆடியில யாராச்சும் வீடு மாறுவாகளா?"

"வாடகை ரூமுக்கு ஆடி என்னா, ஆவணி என்னா? அந்த மாடியில வெக்க தாங்கல. இது ஆத்தோரம். சிலுசிலுன்னு இருக்கு."

"என்னப்பா அங்க அம்புட்டுச் சத்தம்?"

"இரு, இரு" என்றார். போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். அணை திறந்த சமயம். தடுப்பணையில் தண்ணீர் விழும் இரைச்சல் என் காதை அடைத்தது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"கேட்டியா? நீ கடலோரம், நான் ஆத்தோரம். ஒனக்குக் காசு, எனக்கு ஓசி. இப்பச் சொல்லு, யாரு கெட்டி?"

"நீங்கதாம்ப்பா" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.